மூன்று கூம்பு உப்பு

மைதா மாவில் ஒரு சிட்டிகை மயில்துத்தம் சேர்த்துக் காய்ச்சும் பசைக்கு ஒரு வாசனை உண்டு. பாதி கஞ்சி, பாதி மருந்து. இன்றைக்கும் சுவரொட்டி ஒட்டுகிறவரின் வாளியிலிருந்து அந்த வாசனை வந்தால் என் வலது கைக் கட்டைவிரல் தானாக உள்ளே மடங்கிக்கொள்ளும். பத்தாம் வகுப்புப் படித்த ஆண்டு, ஐப்பசி மாதத்து வெள்ளிக்கிழமை ஒன்றின் மாலையில், கத்தரிக்கோலின் வளையத்துக்குள் நுழைந்த விரல் அது.

எதையும் நாளோடு குறித்துவைக்கிற பழக்கம் எனக்குச் சின்ன வயதிலேயே வந்துவிட்டது. எட்டாம் வகுப்பில் தொடங்கிய குறிப்பேடுகள் இப்போது ஒரு மரப்பெட்டியை நிறைத்திருக்கின்றன. உப்பளத்தில் அந்த ஆண்டின் முதல் உப்பு வாரிய கிழமை, புயல் மழைக்குப் பள்ளி மூடிய நாட்கள், பேருந்தின் நேரம் மாறிய மாதம் என்று ஊருக்கு வேண்டியதும் வேண்டாததும் அவற்றில் இருக்கும். யாருக்காவது சந்தேகம் வந்தால் என்னைத் தேடி வந்து கேட்பார்கள். நானும் பக்கத்தைப் புரட்டிப் பெருமையோடு சொல்வேன். அத்தனை பக்கங்களிலும் தெரிந்தே எழுதிய பொய் ஒன்றே ஒன்று உண்டு. அதைப் பற்றித்தான் எழுதப்போகிறேன்.

மரக்காணத்தில் நாங்கள் படித்த பள்ளியிலிருந்து பார்த்தால் உப்பளப் பாத்திகளும், அவற்றுக்கு நடுவே வெள்ளை வெள்ளையாக உப்பு அம்பாரங்களும் தெரியும். நான் பிரம்மதேசத்திலிருந்து பேருந்தில் வந்து போகிறவள். நெல்லும், எங்கள் பக்கம் ‘மல்லாட்டை’ என்று சொல்கிற நிலக்கடலையும் விளைகிற வீட்டுப் பெண். உப்பைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் அது சாம்பாருக்கு வேண்டும் என்பதுதான். பள்ளிக்கூடத்துச் சுவருக்கு மட்டும் உப்பைப் பற்றி நன்றாகத் தெரிந்திருந்தது. காரை பூத்துப் பூத்து உதிரும். எந்தப் பசையும் அதில் மூன்று நாளைக்கு மேல் நிற்காது. குண்டூசி குத்தினால் ஒரே வாரத்தில் துருப்பிடித்துத் தாளில் பழுப்பு வட்டம் போட்டுவிடும்.

அந்தச் சுவரைத்தான் எங்கள் கணக்கு ஆசிரியை விமலா டீச்சர் கேட்டு வாங்கினார். வானூரிலிருந்து தினமும் வருகிறவர். தோளில் ஒரு பை, கையில் எப்போதும் சுருட்டிய அட்டை ஒன்று. உப்பு மூட்டைக் கோணிகளைப் பிரித்து ஒன்றோடொன்று தைத்துப் பின்சுவர் முழுவதும் தொங்கவிட்டார். ஊசிக்குப் பதிலாக வேலிகாத்தான் முள் கொண்டுவரச் சொன்னார். அது துருப்பிடிக்காது. தாளை அட்டையில் மைதாப் பசையால் ஒட்டி, அட்டையைக் கோணியில் முள்ளால் குத்தி, அதற்குக் ‘கணக்குச் சுவர்’ என்று பெயரும் வைத்தாயிற்று. “கணக்குன்றது கரும்பலகையிலயே கிடக்கற சமாச்சாரம் இல்லடி. தொட்டுப் பாத்தாதான் நம்ம பக்கம் வரும்” என்பார்.

எண்கோட்டுக்கு அவர் எடுத்துக்கொண்டது ஒரு தாம்புக் கயிறு. முழத்துக்கு ஒரு முடிச்சுப் போட்டு, சுழியை வாசற்படியில் நிறுத்தினார். மிகை எண்கள் வகுப்புக்குள் ஓடின, குறை எண்கள் வெளியே தாழ்வாரத்தில் வெயிலில் கிடந்தன. தாமதமாக வந்தவனை ‘மைனஸ் மூணு’ முடிச்சில் நிற்கவைப்பார். பழைய புடவைத் துண்டுகளில் இரண்டு சதுரமும் இரண்டு செவ்வகமும் வெட்டிச் சேர்த்துத் தைத்ததும், அதுவரை நாங்கள் மந்திரமாக ஒப்பித்துவந்த அ கூட்டல் ஆ வர்க்கம் கண்ணெதிரே ஒரு பெரிய சதுரமாகக் கிடந்தது. கோணமானியில் நூலும் கல்லும் கட்டி, உறிஞ்சுகுழல் வழியே பார்த்து, கொடிக்கம்பத்தின் உயரத்தை ஏறாமலே கண்டுபிடித்தோம். தலைமையாசிரியர் ஒருநாள் எட்டிப் பார்த்து, “இன்னா டீச்சர், இது க்ளாஸா, கல்யாண வூடா?” என்று கேட்டுவிட்டுப் போனார். பொதுத்தேர்வு ஆண்டில் இதெல்லாம் எதற்கு என்பது அவருடைய எண்ணம்.

சுவருக்குப் பொறுப்பாளர் நான். ஒவ்வொரு பொருளின் அடியிலும் செய்தவர் பெயரையும் தேதியையும் எழுதிவைப்பதும், அலமாரிச் சாவியை வைத்திருப்பதும் என் வேலை. “வசந்தி கை சுத்தமான கை” என்று டீச்சர் சொல்லியிருந்தார். நான் செய்தது 3.14 என்று முடிவில்லாமல் போகும் ‘பை’ எண்ணின் சங்கிலி. ஒவ்வோர் இலக்கத்துக்கும் ஒரு நிறம் வைத்து, இருநூறு காகித வளையங்களைக் கோத்து, வகுப்பைச் சுற்றிக் கட்டினேன். சுழிக்கு வெள்ளை. புள்ளிக்குப் பிறகு முப்பத்திரண்டாவது இடத்தில்தான் முதல் வெள்ளை வளையம் வரும் என்பதை எல்லாரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தேன். அதைவிடச் சிறந்த பொருள் அந்தச் சுவருக்கு வராது என்று நிச்சயமாக இருந்தேன், என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஸ்டெல்லா அந்தக் கூம்பைக் கொண்டுவரும்வரை.

ஸ்டெல்லாவின் அம்மா அந்தோணியம்மாள் உப்பளத்தில் கூலிக்குப் போகிறவர். உப்பைக் கூடையில் சுமந்துபோய் அம்பாரத்தில் கொட்டுகிற வேலை. விடுமுறை நாட்களில் ஸ்டெல்லாவும் கூடப் போவாள். “எந்த அம்பாரத்தப் பாத்தாலும் ஏன் டீச்சர் ஒரே சாய்வுல நிக்குது? மேல கொட்டினா ஒசரமா ஆவாம கீழ சரிஞ்சு வந்து பழைய சாய்வுலயே நிக்குதே?” என்று ஒருநாள் கேட்டாள். டீச்சர் சுண்ணக்கட்டியைக் கீழே வைத்துவிட்டு அவளையே பார்த்தார். எங்கள் வகுப்பில் யாரும் அதுவரை டீச்சருக்கு விடை தெரியாத கேள்வி கேட்டதில்லை.

கூம்பை அவள் தன் அம்மாவின் எக்ஸ்ரே தாளில் செய்திருந்தாள். இருமல் விடாமல் இருந்ததால் அரசு மருத்துவமனையில் எடுத்த நெஞ்சுப் படம் அது. “நெஞ்சுல ஒண்ணுமில்லன்னுட்டாங்க. அப்புறம் எதுக்கு அத்த ஆணியில மாட்டி வெச்சிக்கினு” என்று அம்மாவே கொடுத்தாராம். உப்பு ஒட்டாமல் வழுக்கிக்கொண்டு விழும். சன்னலுக்கு நேரே பிடித்தால் விலா எலும்புகள் கூம்பைச் சுற்றி மங்கலான வளையங்களாகத் தெரியும். ஆரம் ஐந்து, உயரம் பன்னிரண்டு, சாயுயரம் பதின்மூன்று சென்டிமீட்டர். ஐந்தும் பன்னிரண்டும் பதின்மூன்றும் சேர்ந்தால் செங்கோண முக்கோணம் பிசகாமல் வரும் என்று அவளாகவே தேர்ந்த அளவுகள். அதே ஆரமும் உயரமும் கொண்ட பால்மாவு டின் ஒன்றையும் தேடிப் பிடித்திருந்தாள்.

உப்புப் பொட்டலத்தை வாங்கக் கை நீட்டினேன். அவள் அதைப் பெஞ்சின்மேல் வைத்தாள். “நீயே எடுத்துக்கடி. உப்பக் கையில குடுத்தா சண்ட வரும். எங்கம்மா யாருக்கும் கையில குடுக்கவே மாட்டாங்க.”

பிறகு கூம்பை நிரப்பி, மேலே அளவுகோலால் வழித்து, டின்னில் கொட்டினாள். “ஒண்ணு” என்று வகுப்பே கத்தியது. “ரெண்டு.” மூன்றாவது கூம்பு விழுந்ததும் உப்பு டின்னின் வாயோடு வாயாக வந்து நின்றது. ஒரு கல் கூடவில்லை, ஒரு கல் குறையவில்லை. கடைசி பெஞ்சிலிருந்து பழனி எழுந்து, “டீச்சர், புஸ்தகத்துல மூணுல ஒரு பங்குன்னு போட்டிருக்கறது நெசந்தான் போல!” என்றான். டீச்சர் கண்ணில் நீர் வரச் சிரித்தார்.

திண்டிவனத்தில் நடக்கவிருந்த கணிதக் கண்காட்சிக்குப் பள்ளிக்கு ஒரு பொருள்தான் அனுப்பலாம். எதை அனுப்புவது என்று அறிவித்த அன்று டீச்சர் என் தலையைத் தடவிவிட்டுத்தான் சொன்னார்: “வசந்தியோடது பாக்க அழகா இருக்குது. ஸ்டெல்லாவோடது நம்ப வைக்குது.” எடுத்துச் சொல்ல ஒரு ஆள் வேண்டும், எனக்குப் பேச்சு நன்றாக வரும் என்பதால் இரண்டாவது ஆளாக நானும் போகலாம் என்றார். தலையைத் தடவிவிட்டுச் சொன்ன அந்த வாக்கியத்தைக் குறிப்பேட்டில் அப்படியே எழுதிவைத்தேன். அழகு என்ற சொல் அதுவரை எனக்கு ஒரு வசவாகப் பட்டதில்லை.

வெள்ளிக்கிழமை மாலை. கடலிலிருந்து மேகம் ஏறிக்கொண்டிருந்தது. உப்பளத்தில் அம்பாரங்களுக்குத் தார்ப்பாய் போர்த்துகிற சத்தம் கேட்டது. என் பேருந்துக்கு நேரம் இருந்ததால், பசைச் சட்டியைக் கழுவி வைத்துவிட்டு அலமாரியைப் பூட்டப் போனேன். கூம்பு கண்ணெதிரே இருந்தது. கத்தரிக்கோல் கையில் இருந்தது.

நான் அதைக் கிழிக்கவில்லை, நசுக்கவில்லை. அப்படிச் செய்திருந்தால் கோபம் என்றாவது சொல்லிக்கொள்ளலாம். விளிம்பிலிருந்து ஒரு சென்டிமீட்டர் கீழே, சுற்றிலும் ஸ்கெட்ச் பேனாவால் புள்ளி வைத்து, புள்ளிக்குப் புள்ளி ஒரே சீராக வெட்டினேன். கோணல் இல்லை, பிசிறு இல்லை. டின்னில் ஒரு நகக்கண் அளவு குறையும், நடுவர்கள் ‘சுமார்’ என்று சொல்லிவிட்டு நகர்வார்கள், அவ்வளவுதான் என்று நினைத்தேன். வெட்டிய வளையம் கீழே விழுந்தபோதுதான் பார்த்தேன்: எக்ஸ்ரே தாளின் ஓரத்தில், வெள்ளை ஆங்கில எழுத்துகளில், அந்தோணியம்மாளின் பெயரும் படம் எடுத்த தேதியும் அதில் இருந்தன. நாளிட்ட எதையும் என்னால் எறிய முடியாது. மடித்துக் குறிப்பேட்டுக்குள் வைத்தேன்.

சனி, ஞாயிறு இரண்டு நாளும் மழை. திங்கட்கிழமை கண்காட்சி. காலையில் அலமாரியைத் திறந்து கூம்பைத் துண்டில் சுற்றி அட்டைப் பெட்டியில் வைத்தவள் நான். டின்னையும் உப்பையும் ஸ்டெல்லா மடியில் வைத்துக்கொண்டு வந்தாள். பேருந்தில் முழுக்கப் பேசிக்கொண்டே வந்தாள். நான் சன்னல் வழியே தார்ப்பாய்களை எண்ணிக்கொண்டு வந்தேன்.

எங்கள் மேசைக்கு மூன்று நடுவர்கள் வந்தார்கள். அடிப்பரப்பும் உயரமும் சமமான கூம்பையும் உருளையையும் பற்றி நான் தடங்கலில்லாமல் பேசினேன். ஸ்டெல்லா ஊற்றினாள். ஒன்று. இரண்டு. மூன்று. உப்பு டின்னின் வாய்க்கு வெகு கீழே நின்றுவிட்டது. நகக்கண் அளவு இல்லை, என் இரண்டு விரல் உள்ளே போகிற அளவு.

கண்ணாடி போட்ட பெரியவர் டின்னுக்குள் குனிந்து பார்த்தார். “ஏம்மா, மூணுல ரொம்பணுமே. உங்க ஊர்ல நாலு ஊத்தணுமா?” பக்கத்து மேசைக்காரர்கள் சிரித்தார்கள். டீச்சர் சிரிக்கவில்லை.

ஸ்டெல்லா கூம்பைத் திருப்பி, விளிம்பை ஒரு விரலால் மெல்லச் சுற்றி வந்தாள். ஓரிடத்தில் விரல் நின்றது. அது என்ன இடம் என்று எனக்குத் தெரியும். அவள் என் பக்கம் திரும்பவில்லை.

“உப்பு ஈரமாயிடுச்சுங்க சார்” என்றாள். “ரெண்டு நாளா மழைங்க. ஈரம் ஏறினா உப்பு அமுங்கிப் போயிடும்.”

“அப்ப மணல்ல செஞ்சிருக்கணும்” என்று சொல்லிவிட்டு அவர்கள் அடுத்த மேசைக்குப் போனார்கள். திரும்பி வரும்போது நான் பையிலிருந்து வறுத்த மல்லாட்டையை எடுத்தேன். அவள் எப்போதும்போலக் கை நீட்டி வாங்கித் தின்றாள். அன்று குறிப்பேட்டில் எழுதினேன்: ‘கண்காட்சி. ஸ்டெல்லாவின் கூம்பு. பரிசு இல்லை. காரணம்: உப்பில் ஈரம்.’

மறுநாள் பழனி அவளுக்கு ‘முக்கா டின்’ என்று பெயர் வைத்தான். மூன்றையும் மூன்றையும் கூட்டினால் ஸ்டெல்லாவுக்கு ஐந்துதான் வரும் என்று பையன்கள் பாடினார்கள். டீச்சர் கூம்பைக் கேட்டபோது, “பஸ்ல கசங்கிடுச்சு டீச்சர், தூக்கிப் போட்டுட்டேன்” என்றாள். அந்தக் கூம்பு கசங்கவே இல்லை. இறங்கும்போது அவள் கையில் நேராக இருந்ததை நான் பார்த்தேன்.

அந்த வாரமே, வியாழக்கிழமை மதியம், அந்தோணியம்மாள் வகுப்பு வாசலில் வந்து நின்றார். தலையில் சும்மாடு கட்டிய துணி அவிழாமல் இருந்தது. வேலையிலிருந்து அப்படியே வந்திருந்தார். ஒரு துணிப் பொட்டலத்தை டீச்சரின் மேசைமேல் வைத்தார்.

“டீச்சரம்மா, இது சித்திர மாச உப்பு. கோடையில வாரினது. அன்னிக்கு நான்தான் அவசரத்துல மேலாக்க இருந்து அள்ளிக் குடுத்துட்டேன். அடியில இருந்து எடுத்திருக்கணும். எம் பொண்ணு மேல தப்பில்லங்க. இத்த வெச்சு இன்னொரு தபா ஊத்திக் காட்டச் சொல்லுங்க அவங்ககிட்ட.”

“முடிஞ்சு போச்சும்மா. இனிமே அடுத்த வருஷந்தான்” என்றார் டீச்சர்.

“அப்பிடிங்களா” என்று அவர் பொட்டலத்தின் முடிச்சைத் தொட்டார். “உப்புலயே பொழைக்கறேன். நல்ல உப்பு எதுன்னு எனக்குத் தெரியாமப் பூட்ச்சே.”

அவருக்கு மூன்றடி தூரத்தில் நான் ஒரு அட்டைக்குத் தேதி எழுதிக்கொண்டிருந்தேன். வாயைத் திறந்தால் போதும். முள்ளை எடுத்து அட்டையின் நான்கு மூலையிலும் குத்தினேன். ஸ்டெல்லா தலை குனிந்து உட்கார்ந்திருந்தாள். தன் அம்மாவிடம்கூட அவள் சொல்லவில்லை என்று அப்போது தெரிந்துகொண்டேன்.

அரையாண்டு விடுமுறையில் வகுப்புக்கு வெள்ளையடித்தார்கள். கோணிகளை மடித்து எங்கேயோ போட்டார்கள்; தலைமையாசிரியர் அவற்றைத் திரும்ப மாட்ட விடவில்லை. “வெளையாடினது போதும், படிக்க வைங்க” என்றாராம். அடுத்த ஆண்டு டீச்சருக்கு மாற்றல் வந்தது. பதினொன்றாம் வகுப்பில் நான் கணிதப் பிரிவு எடுத்தேன். அம்பாரத்தின் சாய்வைப் பற்றிக் கேட்டவள் எடுக்கவில்லை. “எனக்கு எதுக்குடி கணக்கு” என்று சிரித்துக்கொண்டே சொன்னாள்.

அந்தக் கணக்கை நான் போட்டுப் பார்த்தது பதினொன்றில்தான். பதின்மூன்று சென்டிமீட்டர் சாயுயரத்தில் ஒன்றை வெட்டினால் பதின்மூன்றில் ஒரு பங்குதான் போகும் என்று நான் நினைத்தது தப்பு. வாய்ப்பக்கம்தான் கூம்பு அகலம். அங்கே ஒரு சென்டிமீட்டர் போனால் கொள்ளளவில் ஐந்தில் ஒரு பங்குக்கும் மேலே போய்விடும். டின்னில் இரண்டரை சென்டிமீட்டர் வெறுமையாக நிற்கும். விடையைச் சரிபார்த்து, கீழே இரட்டைக் கோடு போட்டு, பக்கத்தைத் திருப்பிவிட்டேன். சொல்லியிருக்க வேண்டிய நாட்களில் அதுவும் ஒன்று.

இந்த ஆண்டு ஆடி மாதத்தில், பள்ளியின் பழைய விவரங்கள் சிலவற்றைக் குறித்துக்கொள்ள அங்கே போயிருந்தேன். எங்கள் வகுப்பறை இருந்த இடத்தில் புதுக் கட்டடம். சுவரில் கோணியும் இல்லை, முள்ளும் இல்லை. அச்சடித்து வந்த பளபளப்பான படங்கள் வரிசையாகத் தொங்குகின்றன, எதன் அடியிலும் ஒரு பிள்ளையின் பெயர் கிடையாது. பெரிய திரையில் ஒரு கூம்பு சுழன்று வந்து நீல நீரை உருளைக்குள் மூன்று தடவை ஊற்றியது. மூன்றாவது தடவை விளிம்புவரை நிரம்பியது. அந்தக் கூம்பு எந்த நாளும் தவறாது. அதை யாரும் கத்தரிக்க முடியாது. பிள்ளைகளில் ஒருவரும் “நெசந்தான் போல” என்று கத்தவில்லை.

அங்கிருந்து நேரே பேருந்து ஏறிப் பொம்மையார்பாளையம் போனேன். ஸ்டெல்லா அங்கே தையல்கடை வைத்திருக்கிறாள். குடைப்பாவாடை வெட்டுவதற்கென்றே தூரத்திலிருந்து துணி கொண்டுவருகிறார்கள். அந்தோணியம்மாளும் அவளோடுதான் இருக்கிறார், கடையின் உள்ளே ஒரு நாற்காலியில். குறிப்பேட்டிலிருந்து அந்தக் கறுப்பு வளையத்தை எடுத்து வெட்டு மேசையில் வைத்தேன். பெயர் அப்படியே இருந்தது. தேதியில் மாதமும் ஆண்டும் தெரிந்தன. நாள் மட்டும் கத்தரி பட்டுப் போயிருந்தது.

ஸ்டெல்லா அதைத் தொடாமல் குனிந்து பார்த்தாள். பிறகு கழுத்தில் தொங்கிய அளவு நாடாவை எடுத்து அதன் அகலத்தை அளந்தாள்.

“ஒரு சென்டி” என்றாள். “நேராத்தான் வெட்டியிருக்க.”

“உனக்கு அன்னிக்கே தெரியும்.”

“அம்மா பேரு இல்லியே. தடவிப் பாத்தேன்.”

“ஏன் சொல்லல?”

“சொன்னா மறுநாளு நீ வேற பெஞ்சுல போய் உக்காருவ.” ஊசியில் நூல் கோக்கிறவள் மாதிரி கண்ணைச் சுருக்கிக்கொண்டாள். “அம்மாகிட்ட நீயே சொல்லு. நான் சொல்ல மாட்டேன்.”

நாற்காலிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, வெள்ளிக்கிழமையிலிருந்து தொடங்கி எல்லாவற்றையும் சொன்னேன். எக்ஸ்ரே, புள்ளிகள், கத்தரிக்கோல், அவர் வாசலில் வந்து நின்ற வியாழக்கிழமை. அவருக்குக் காது மந்தம். சில இடங்களை இரண்டு தடவை, சத்தமாகச் சொல்ல வேண்டியிருந்தது. துணி வாங்க வந்த பெண் ஒருத்தி நின்று கேட்டாள். அந்தோணியம்மாள் கடைசியில் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

“அப்ப உப்பு மேல குத்தம் இல்லியா?”

“இல்லம்மா. நல்ல உப்புதான்.”

“இத்தினி வருசமா அத்தப் போயி திட்டிக்கினு இருந்தேனே” என்றார்.

வீட்டுக்கு வந்து அந்தப் பழைய பக்கத்தைத் திறந்து ‘உப்பில் ஈரம்’ என்பதை அடித்து, மேலே ‘நான்’ என்று எழுதித் திருத்திய தேதியையும் போட்டேன். சொல்ல வேண்டியது ஒன்று பாக்கி இருக்கிறது. அன்று நான் கிளம்பும்போது அந்தோணியம்மாள் உள்ளே போய், மரக்காணத்திலிருந்து இன்னும் வரவழைத்துக்கொள்கிற கல்லுப்பில் ஒரு பொட்டலம் கட்டிக் கொண்டுவந்தார். நான் இரண்டு கையையும் நீட்டினேன். அவர் குனிந்து அதைத் தரையில் வைத்தார்.

“எடுத்துக்க பாப்பா. கையில குடுக்க மாட்டேன், சண்ட வந்துடும்.”

ஸ்டெல்லா துணியிலிருந்து தலையை நிமிர்த்தவில்லை. “வர்றதா இருந்தா எப்பவோ வந்திருக்கணும்மா” என்றாள். கத்தரிக்கோல் நிற்காமல் ஓடிக்கொண்டிருந்தது. நான் குனிந்து பொட்டலத்தை எடுத்துக்கொண்டேன்.